உருகுவே குறிப்புகள்: கணினிக்குப் பக்கத்தில் ஒரு ஆள்

ஞாயிறு, மொண்டேவீடியோ

வந்து சேர்ந்தாயிற்று. விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் "உருகுவேயா? கால்பந்து பார்க்கவா?" என்று கேட்டார். கேட்பதில் தப்பில்லை. முதல் உலகக் கோப்பை 1930-ல் இங்கேதான் நடந்தது, ஜெயித்ததும் இவர்களே. நான் வந்தது பள்ளிக்கூடம் பார்க்க என்றதும் மனிதர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

நாட்டின் மொத்த மக்கள் தொகையே 35 லட்சம்தான். மாடுகள் அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் என்கிறார்கள். இந்தச் சின்ன நாடு 2009-ல் ஒரு காரியம் செய்து முடித்தது. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மடிக்கணினி. உலகத்தில் இப்படி நாடு முழுக்கக் கொடுத்து முடித்த முதல் நாடு இதுதான். திட்டத்தின் பெயர் சேய்பால்.

கொடுத்த கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிற எனக்கு அதற்கடுத்த கேள்விதான் முக்கியம். முப்பது குழந்தைகள் முப்பது கணினியோடு உட்கார்ந்திருக்கிற வகுப்புக்குள் நுழைந்த ஆசிரியருக்கு யார், எப்படி உதவினார்கள்? அதைப் பார்க்கத்தான் இந்த வாரம்.

சாயங்காலம் ராம்ப்லா என்கிற கடற்கரைச் சாலையில் நடந்தேன். கடல் என்று நினைத்தது கடல் இல்லையாம், லா பிளாட்டா ஆற்றின் முகத்துவாரம். தண்ணீர் பழுப்பாக இருக்கிறது. எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் அக்குளில் ஃபிளாஸ்க், கையில் மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளை. நின்று குடிக்கிற பழக்கமே கிடையாது போல, நடந்துகொண்டே உறிஞ்சுகிறார்கள். நல்ல குளிர். தூங்கப் போகிறேன்.

திங்கள், மொண்டேவீடியோ

மதியம் பிளாசா ககாஞ்சா சதுக்கத்தில் இருக்கும் கல்வி அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1889-ல் தொடங்கியது. ஹோசே பெத்ரோ வரேலாவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1877-ல் இலவச, கட்டாயத் தொடக்கக் கல்விக்கு இந்த நாட்டில் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் அவர். பழைய மர பெஞ்சுகள், பூகோள உருண்டைகள், அறிவியல் சோதனைக் கருவிகள். அந்தக் காலத்து ஆசிரியர்கள் வந்து புதுக் கருவிகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளத்தான் இந்த இடமே உண்டாகியிருக்கிறது. அதாவது 'புதுச் சாமான் வந்திருக்கிறது, ஆசிரியருக்கு யாராவது காட்டிக் கொடுங்கள்' என்பது இங்கே நூறு வருஷத்துக்கு மேல் பழைய கவலை.

மொழிபெயர்ப்புக்கு ஒரு பல்கலைக்கழக மாணவி கூட வருகிறாள். சேய்பால் கணினியோடு வளர்ந்த தலைமுறை. "பச்சையும் வெள்ளையும், முயல் காது மாதிரி ரெண்டு ஆன்டெனா, ரப்பர் விசைப்பலகை" என்று கையை விரித்துக் காட்டினாள். 2005-ல் அமெரிக்கப் பேராசிரியர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டி நூறு டாலர் மடிக்கணினி என்று அறிவித்தாரே, அந்த எக்ஸ்ஓ கணினிதான். கடைசியில் விலை நூறு டாலரில் நிற்கவில்லை, இரு நூறை நெருங்கியது. வகுப்பில் அதை வைத்து என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். யோசித்தாள். "வீட்டில் நிறைய செய்தேன். வகுப்பில்... இணையத்தில் தேடுவோம். சில ஆசிரியைகள் பையிலேயே வைக்கச் சொல்லிவிடுவார்கள்."

ஆசிரியர்களுக்கு முதலில் கிடைத்த பயிற்சி நமக்கு ரொம்பத் தெரிந்த வகை. மேலே ஒரு குழுவுக்குச் சொல்வது, அவர்கள் அடுத்த குழுவுக்கு, அவர்கள் பள்ளிகளுக்கு. கருத்தாளர் பயிற்சி என்று நாம் சொல்வோமே, அதே. கீழே வரவர விஷயம் சுண்டிப் போகும். 'இந்தப் பொத்தானை அமுக்கினால் இது திறக்கும்' என்பது மட்டும் வந்து சேரும், 'நாளைக்கு ஐந்தாம் வகுப்பு கணக்குப் பாடத்தில் இதை எங்கே வைப்பது' என்பது வந்து சேராது. இங்கேயும் அதே புகார்தான் எழுந்திருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் நாலு மணி நேரம்தான். காலையில் ஒரு வேளை, மதியம் ஒரு வேளை. அதனால் பல ஆசிரியர்கள் காலையில் ஒரு பள்ளி, மதியம் வேறொரு பள்ளி என்று இரண்டு வேளையும் வேலை பார்க்கிறார்கள். பயிற்சிக்கு வா என்றால் எப்போது வருவது? பன்னிரண்டு மணிக்கும் ஒரு மணிக்கும் நடுவில் பேருந்திலா? ஆசிரியர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதுகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தை ஒரு தடவை அவர்களோடு ஓடிப் பார்க்க வேண்டும்.

செவ்வாய், மொண்டேவீடியோ

இன்று முழுக்க ஒரு பள்ளியில். ஊரின் ஓரத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம். குழந்தைகள் எல்லாருக்கும் வெள்ளை மேலங்கி, கழுத்தில் பெரிய நீல முடிச்சு. உள்ளே நுழையும்போது ஆசிரியையின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆறாம் வகுப்புப் பையன்கள் வேண்டா வெறுப்பாகக் கொடுக்கிறார்கள், ஆனாலும் கொடுக்கிறார்கள்.

நான் பார்க்க வந்தது வகுப்பாசிரியையை இல்லை, துணை ஆசிரியையை. சேய்பால் துணை ஆசிரியர் என்ற பொறுப்பு 2010 வாக்கில் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் கணினி நிபுணர் இல்லை. அவரும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்தான், சாக்பீஸ் பிடித்த கைதான். தனக்கென்று வகுப்பு இல்லாமல் மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து திட்டமிடுவதும் அவர்கள் வகுப்புக்குள் கூடவே போவதும்தான் அவருடைய வேலை.

இந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. முதல் பக்கத்தில் ஆசிரியைகள் பெயர், எதிரே ஒவ்வொருவரும் கேட்டது. ஏதாவது செயலியின் பெயர் இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை. 'பின்னம், பாதிப் பேருக்குப் புரியவில்லை.' 'இரண்டு பையன்கள் எழுதவே மாட்டேன் என்கிறார்கள்.' 'பெற்றோருக்குச் செய்தி அனுப்ப வேண்டும், என் சொந்த எண்ணைக் கொடுக்க விருப்பமில்லை.' இப்படி.

"நான் போய் உங்களுக்கு என்ன தொழில்நுட்பம் வேணும்னு கேட்டா, ஒண்ணும் வேணாம்னு சொல்லிடுவாங்க. இந்த வாரம் எது உங்களைப் படுத்துதுன்னு கேட்பேன். அப்ப பேசுவாங்க."

பின்னம் கேட்ட ஐந்தாம் வகுப்பு ஆசிரியையின் வகுப்புக்கு இருவரோடும் போனேன். இது அவர்களுக்கு மூன்றாவது வாரம். முதல் வாரம் துணை ஆசிரியை பாடம் நடத்த, வகுப்பாசிரியை பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இரண்டாவது வாரம் சேர்ந்து நடத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு வகுப்பாசிரியையே நடத்துகிறார்.

கணிதத் தளத்தில் குழந்தைகள் பின்னக் கணக்குப் போடுகிறார்கள். தப்பாகப் போட்டால் உடனே காட்டுகிறது, இன்னொரு முறை வாய்ப்புக் கொடுக்கிறது. ஆசிரியையின் திரையில் யார் எதில் நிற்கிறார்கள் என்று தெரிய வேண்டும். தெரியவில்லை. வேறு பக்கம் திறந்துவிட்டது. அவர் கை மவுஸின் மேல் அப்படியே நிற்கிறது. கழுத்து சிவக்கிறது. முன் பெஞ்சில் ஒரு பெண் திரும்பிப் பார்க்கிறாள்.

துணை ஆசிரியை ஓரடி தள்ளி நிற்கிறார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார். குனிந்து, மெதுவாக, "இடது பக்கம் மேலே பார்" என்கிறார். அவ்வளவுதான். பத்துப் பதினைந்து வினாடி. எனக்கே கை துறுதுறுத்தது, இரண்டு எட்டு வைத்து நானே அமுக்கிவிடலாமா என்று. ஆசிரியை கண்டுபிடித்தார். பட்டியல் திறந்தது. ஏழு பேர் ஒரே கணக்கில் ஒரே மாதிரி தப்புச் செய்திருந்தார்கள், பகுதி எண்களைக் கூட்டிவிட்டார்கள். அவர் எழுந்து, அந்த ஏழு பேரையும் கரும்பலகைப் பக்கம் கூப்பிட்டு, சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அதற்கப்புறம் அந்த வகுப்பில் கணினி யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை.

வெளியே வந்ததும் அந்தப் பின்னால் கட்டிய கையைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "நான் மவுஸைத் தொட்டா இன்னைக்கு வேலை சீக்கிரம் முடியும். ஆனா அடுத்த தடவையும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. அதைவிட, பிள்ளைங்க பார்த்துட்டு இருக்காங்க. டீச்சருக்குத் தெரியாததை இன்னொருத்தர் வந்து செஞ்சார்னு ஆயிடக் கூடாது."

பயிற்சிக் கையேடுகளில் இது எங்கேயும் எழுதியிருக்காது. ஆனால் ஒரு வகுப்பறையில் பெரியவர் ஒருவர் தெரியாதவராக நிற்க நேர்வதுதான் இந்த விவகாரம் முழுக்கவும். அது பயம் என்றுகூடச் சொல்ல மாட்டேன், மானம். இருபது வருஷமாகத் தன் வகுப்பில் தனக்குத் தெரியாதது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டவரிடம், முப்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால் தடுமாறு என்று சொல்கிறோம். துணைக்கு ஆள் நிற்பது பொத்தானைக் காட்ட மட்டும் இல்லை, தடுமாறும் அந்தப் பத்து வினாடியைத் தாங்கிக்கொள்ள.

மதிய வேளையில் வேறு வகுப்பு. இணையம் போய்விட்டது. இதற்கும் அந்த அம்மா அசரவில்லை. இரண்டு பேரும் திட்டமிடும்போதே காகிதத்தில் அதே கணக்கை அச்செடுத்து வைத்திருந்தார்கள். "வலை போனா என்ன செய்யறதுன்னு முன்னாலேயே பேசிடுவோம். இல்லைன்னா ஒரு தடவை கவுந்ததும், இது சரிப்படாதுன்னு ஒரு வருஷத்துக்குத் தொட மாட்டாங்க."

சார்ஜ் இல்லாத கணினிகள் எப்போதும் நாலைந்து உண்டு. வகுப்பில் இருக்கும் மின்செருகிகள் மொத்தம் இரண்டு. ஒரு நீட்டிப்புப் பலகையைத் தன் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறார்.

புதன், கனெலோனெஸ்

மொண்டேவீடியோவிலிருந்து வடக்கே பேருந்தில் ஒரு மணி நேரம். இன்று ஆங்கில வகுப்பு.

இந்த நாட்டில் ஆங்கிலம் சொல்லித்தரப் போதுமான ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளில் இல்லை. 2012-ல் ஒரு வழி செய்தார்கள். பிரிட்டிஷ் கவுன்சிலோடு சேர்ந்து, பள்ளிகளில் காணொளித் திரை வைத்து, வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் வாரம் ஒரு முறை திரையில் வந்து பாடம் நடத்துவது. அர்ஜென்டினாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும்கூட நடத்தியிருக்கிறார்கள். மற்ற இரண்டு வகுப்பை அதே வாரத்தில் வகுப்பாசிரியை நடத்த வேண்டும். கவனியுங்கள், வகுப்பாசிரியைக்கு ஆங்கிலம் தெரியாது. அல்லது பள்ளியில் படித்த அளவுக்குத் தெரியும்.

எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. திரையைப் போட்டுவிட்டு ஆசிரியை மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். நான் பார்த்த வகுப்பில் அப்படி நடக்கவில்லை. திரையில் ஓர் இளைஞர் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' என்று சொல்லிக்கொடுக்கிறார். குழந்தைகள் சொல்கிறார்கள். ஆசிரியையும் வாய்விட்டுச் சொல்கிறார், தப்பாக. ஒரு பையன் "மாஎஸ்த்ரா (டீச்சர்), அப்படி இல்லை" என்று திருத்தினான். ஆசிரியை அவனைப் பார்த்து மறுபடி சொன்னார். இந்தத் தடவை சரி. வகுப்பு கைதட்டியது. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தலை குனிந்து நாடகக்காரர் மாதிரி ஒரு வணக்கம் போட்டார்.

நேற்றுப் பார்த்ததும் இதுவும் வேறு வேறு தெம்பு. இவருக்குத் தெரியாது என்பது எல்லாருக்கும் முதல் நாளே தெரியும், மறைக்க ஒன்றும் இல்லை. ஆங்கிலம் திரைக்காரர் பொறுப்பு, குழந்தைகள் இவர் பொறுப்பு. யார் சோர்ந்திருக்கிறான், யாருக்கு இன்றைக்கு வீட்டில் சண்டை என்பதெல்லாம் திரையில் இருப்பவருக்குத் தெரியாது. இருவரும் ஒவ்வொரு வாரமும் தனியாகப் பேசித் திட்டமிடுகிறார்கள். 2017-லிருந்து நிரலாக்கச் சிந்தனைக்கும் இதே ஜோடி முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள், மைக்ரோபிட் என்கிற உள்ளங்கை அளவு மின்னணுப் பலகையை வைத்து.

வாராவாரம் தன் வகுப்பிலேயே இன்னொருவர் கற்பிப்பதைப் பார்த்து, அவரோடு பேசி, அடுத்த நாள் தானே செய்து பார்ப்பதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்? வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லை, தேநீர் இடைவேளை இல்லை, சான்றிதழ் இல்லை. பயிற்சி என்று பெயரும் இல்லை.

வியாழன், வில்லா கர்தால், பிறகு பேருந்தில்

காலையில் வில்லா கர்தாலுக்கு ஒரு யாத்திரை. புளோரிடா மாநிலத்தில் பால் பண்ணைகள் நடுவே இருக்கும் சிற்றூர். 2007 மே 10-ல் இங்கேதான் முதல் கணினிகள் வந்தன. ஊரில் ஒரே பள்ளி, அப்போது 150 பிள்ளைகள். குடியரசுத் தலைவர் தபாரே வாஸ்கெஸ் அந்த வருஷம்தான் திட்டத்துக்கு ஆணை பிறப்பித்திருந்தார். தலைநகரில் தொடங்காமல் கிராமப்புறத்தில் தொடங்கி, தலைநகரைக் கடைசிக்கு வைத்தார்கள். அது நல்ல யோசனை.

ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை, அதுவே நன்றாக இருக்கிறது. பள்ளி வாசலில் நின்று வெள்ளை மேலங்கிகள் வெளியே ஓடி வருவதைப் பார்த்தேன். முச்சந்தியில் ஒரு நாய் படுத்திருக்க, வண்டிகள் சுற்றிக்கொண்டு போயின. அரை மணியில் ஊர் முடிந்துவிட்டது.

அங்கிருந்து புளோரிடா நகரம் போய், டாகுவரெம்போ பேருந்து. ஐந்தாம் எண் நெடுஞ்சாலை நேரே வடக்கே பிரேசில் எல்லை வரை போகிறது. புல்வெளி, மாடு, தைல மரத் தோப்பு, மறுபடி புல்வெளி. படிக்க நல்ல சாலை.

2014-ல் இந்நாட்டுப் பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கணினி கொடுத்ததால் வாசிப்பிலும் கணிதத்திலும் மதிப்பெண் கூடியதா? கூடவில்லை. பெருவில் இதே கணினிகளைக் கொடுத்து 2012-ல் பார்த்த ஆய்விலும் ஏறக்குறைய இதே விடைதான். எதிர்ப்பாளர்கள் இதை வைத்து 'வீண் செலவு' என்றார்கள். ஆதரவாளர்கள், நோக்கமே சமத்துவம்தான், மதிப்பெண் இல்லை என்றார்கள். இரண்டு தரப்பும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணினி மதிப்பெண்ணை ஏற்றும் என்று எதிர்பார்த்ததே எனக்கு விசித்திரமாக இருக்கிறது. ஆசிரியர் தன் பாடத்தில் எதையும் மாற்றவில்லை என்றால் பிள்ளையின் பையில் என்ன இருந்தால் என்ன?

புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்று இரண்டு கல்வி ஆய்வாளர்கள் 1980-லேயே ஆசிரியர் பயிற்சியைப் பற்றி எழுதினார்கள். விளக்கிச் சொல்வது, செய்து காட்டுவது, செய்து பார்க்க வைப்பது, எப்படி இருந்தது என்று சொல்வது, இவற்றோடு வகுப்பறைக்குள்ளேயே கூட நிற்பது. கடைசியில் சொன்னது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் பயிற்சி மண்டபத்தைத் தாண்டி வருவது அரிது என்பது அவர்கள் வாதம். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மண்டபங்களைத்தான் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இருட்டும் நேரம் டாகுவரெம்போ. கௌச்சோக்களின், அதாவது குதிரையில் போய் மாடு மேய்ப்பவர்களின், ஊர் என்று பெயர். தங்குமிடத்தில் கனமான போர்வை கொடுத்தார்கள். தேவைப்பட்டது.

வெள்ளி, டாகுவரெம்போ மாநிலத்தில் ஒரு கிராமப் பள்ளி

மண் சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல். சுற்றிலும் மேய்ச்சல் நிலம், நடுவே ஒரு கொடிக்கம்பம், ஓட்டுக் கட்டடம். இந்த நாட்டில் கிராமப் பள்ளிகள் ஆயிரத்தை ஒட்டி இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் ஒன்றிரண்டு ஆசிரியர்கள்தான். இங்கே ஒரே ஓர் ஆசிரியை. பிள்ளைகள் ஒன்பது பேர், ஐந்து வகுப்பு. தலைமை ஆசிரியையும் அவரே. வார நாட்களில் பள்ளியிலேயே தங்கிக்கொள்கிறார்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் இரண்டு பேர் இன்று வருகிறார்கள். கிராமப் பள்ளிகள் இப்படிச் சிறு குழுக்களாகச் சேர்ந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒன்றாக வேலை செய்வது இங்கே பழைய வழக்கம். அவர்களோடு பல பள்ளிகளுக்குப் பொறுப்பான ஒரு சேய்பால் ஆசிரியையும் வந்தார். இவர் மாதம் ஒரு முறை ஒவ்வொரு பள்ளிக்கும் சுற்றுகிறவர். காரின் பின் இருக்கையில் சார்ஜர்கள், வயர்கள், ஒரு பெட்டி ரொட்டி.

எனக்கு இந்த வாரத்தின் நல்ல நாள் இதுதான். தொழில்நுட்பம் எங்கே உண்மையில் ஆசிரியரின் பாரத்தைக் குறைக்கும் என்று கேட்டால், இப்படி ஒரே அறையில் ஐந்து வகுப்பு நடக்கும் பள்ளியைத்தான் காட்டுவேன். நகரத்து ஆசிரியைக்குக் கணினி ஒரு கூடுதல் சாமான். இவருக்கு இன்னொரு ஜோடிக் கை.

வந்திருந்த மூவரில் மூத்தவர் ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருப்பவர். கணினி வந்த புதிதில் அலமாரியில் வைத்துப் பூட்டியதாக அவரே சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே. "வந்தவங்க எல்லாரும் இதை வச்சு என்னென்ன செய்யலாம்னு சொன்னாங்க. நான் கேட்டது ஒண்ணுதான். இது எனக்கு எந்த வேலையைக் குறைக்கும்? ஒருத்தரும் பதில் சொல்லல."

பதில் சொன்னது சுற்றி வரும் இந்த ஆசிரியையும் இல்லை. அவர் முதல் இரண்டு மாதம் வந்து கணினியைப் பற்றிப் பேசாமல், சின்னப் பிள்ளைகளுக்குப் படம் வெட்டிக் கொடுத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்திருக்கிறார். மூத்தவருக்கு இருந்த பெரிய தலைவலி, சொல்வதெழுதுதல். முதல் வகுப்புக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் ஆறாம் வகுப்பு சும்மா இருக்கும். ஒரு நாள் அவரே கேட்டார், என் குரலை இதில் பிடித்து வைக்க முடியுமா என்று. அவ்வளவுதான். இப்போது ஞாயிறு ராத்திரி வாரத்துக்குத் தேவையான சொற்களைத் தன் குரலில் பதிவு செய்துவிடுகிறார். சின்னவர்கள் காதில் ஹெட்போன் மாட்டி, வேண்டும் இடத்தில் நிறுத்தி எழுதுகிறார்கள். பதிவை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். "பசு... பசு... மார்த்தின், ஜன்னலைப் பார்க்காதே... பசு." அந்தப் பையன் ஜன்னலைப் பார்ப்பான் என்று முன்கூட்டியே தெரிந்து பதிவில் அதட்டி வைத்திருக்கிறார். எல்லாரும் சிரித்தோம். மார்த்தினும்தான்.

கல்வி ஆய்வாளர் தாமஸ் கஸ்கி 1986-ல் சொன்னது இதுதான். மனசை மாற்றிவிட்டால் ஆசிரியர் பழக்கத்தை மாற்றிக்கொள்வார் என்று நாம் நினைக்கிறோம், நடப்பது தலைகீழ். முதலில் சின்னதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார், பிள்ளைகளிடம் பலன் தெரிகிறது, அப்புறம்தான் நம்பிக்கை வருகிறது. ஊக்கமூட்டும் உரைகளுக்கு ஒதுக்கும் நேரத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே வெட்டிவிடலாம்.

பிறகு மூத்தவர் மற்ற இரண்டு பேருக்கும் பதிவு செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். சுற்றி வரும் ஆசிரியை எழுந்து மாத்தேக்குத் தண்ணீர் சுட வைக்கப் போய்விட்டார். வேண்டுமென்றேதான் போனார் என்று நினைக்கிறேன்.

2020-ல் நோய்த்தொற்றுக் காலப் பேச்சு வந்தது. மார்ச்சில் எல்லாப் பள்ளிகளும் மூடின, முதலில் திறந்தவை கிராமப் பள்ளிகள், ஏப்ரல் 22-ல். நடுவில் இருந்த வாரங்களில் கணினி கையில் இருந்த நாடு இது. "கருவி இருந்ததால தப்பிச்சோம்னு எல்லாரும் சொல்றாங்க. இருந்துச்சு, உண்மைதான். ஆனா ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டுக் கேட்க எனக்கு ஆள் இருந்துச்சு" என்றார் இந்தப் பள்ளியின் ஆசிரியை, சுற்றி வருபவரைக் கண்ணால் காட்டி.

சனி, டாகுவரெம்போ

சதுக்கத்தில் வெயில். நேற்றைய சுற்றி வரும் ஆசிரியை என்னைச் சந்திக்க வந்தார், விடுமுறை நாளில். நேற்று எல்லார் முன்னாலும் கேட்க முடியாததை இன்று கேட்டேன். பள்ளிகளை மேற்பார்வை பார்க்கும் ஆய்வாளர்கள் உங்களிடம் விவரம் கேட்பதில்லையா, யார் பயன்படுத்துகிறார்கள், யார் பயன்படுத்தவில்லை என்று?

கேட்பார்களாம். எத்தனை பள்ளிக்குப் போனேன், என்ன வேலை நடந்தது என்று எழுதிக் கொடுப்பாராம். பெயர் கொடுக்க மாட்டாராம். "ஒரு தடவை கொடுத்தேன்னு வைங்க, அடுத்த மாசம் நான் போறப்ப எல்லாருடைய கணினியும் மேசை மேல திறந்து இருக்கும். நான் கிளம்பினதும் மூடிடுவாங்க."

உதவ வருகிறவரும் மதிப்பெண் போட வருகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது என்று நான் பல கூட்டங்களில் வாதாடியிருக்கிறேன். மேலிடத்துக்கு இது பிடிப்பதில்லை, ஒரே பயணப்படியில் இரண்டு வேலை முடிந்தால் மிச்சம்தானே. இந்த அம்மா யாரோடும் வாதாடவில்லை, பெயர் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். துணை ஆசிரியர் இல்லாத பள்ளிகள் உண்டு. இருக்கிற இடத்திலும் யாராவது ஆசிரியர் விடுப்பில் போனால், வா, அந்த வகுப்பைப் பார்த்துக்கொள் என்று இவரை இழுத்துவிடுவார்கள், அன்றைய திட்டம் போச்சு. நல்ல துணை ஆசிரியர் பதவி உயர்வில் போய்விட்டால் புதிதாக வருபவர் நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குச் செலவும் அதிகம். கணினியை ஒரு தடவை வாங்கினால் போதும், புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆளுக்கு மாதாமாதம் சம்பளம், படம் எடுக்க ஒன்றும் இல்லை. பட்ஜெட் வெட்டும்போது எது முதலில் போகும் என்று கேட்கவே வேண்டாம்.

ஒரு பள்ளியில் எத்தனை காலம் நிற்க வேண்டும் என்று கேட்டேன். ஆறு மாதம், ஒரு வருஷம் என்று ஏதாவது சொல்வார், எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தேன். "என்னைக் கூப்பிடறது குறைஞ்சு, அவங்களுக்குள்ள கூப்பிட்டுக்க ஆரம்பிக்கிற வரைக்கும்" என்றார். நேற்றைய மூத்த ஆசிரியை அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டாரா? வந்துவிட்டார். ஆனால் அவர் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறார், அந்தப் பள்ளிக்குப் புதிதாக ஒரு சின்னப் பெண் வருவாள். கைப்பேசியில் எல்லாம் தெரிந்தவளாக இருப்பாள், ஐந்து வகுப்பை ஒரே அறையில் நடத்தத் தெரியாதவளாக இருப்பாள். அவளுக்கு வேறு மாதிரி உதவி வேண்டும். இப்போதே மூத்தவரைப் பிடித்து, அவர் பாடம் நடத்துவதைக் காணொளியாகப் பிடித்து வைக்க அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாராம். மூத்தவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, தன் குரல் போதும், முகம் வேண்டாம் என்கிறார்.

திங்கட்கிழமை எந்தப் பள்ளி என்று கேட்டதற்குத் தன் நோட்டைத் திறந்து காட்டினார். மூன்று வரி இருந்தது. ஒரு பள்ளிக்கு சார்ஜர் இரண்டு. இன்னொரு பள்ளியில் கடவுச்சொல் மறந்த நாலு பிள்ளைகள். மூன்றாவது பள்ளியின் எதிரே, புதிதாக வந்த ஆசிரியை, சும்மா போய் உட்கார வேண்டும் என்று எழுதியிருந்தது.